குதித்தவர்கள்: துர்கனேவின் ‘முதல் காதல்’ – ஒரு மறுவாசிப்பு

1

1984இல் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் புத்தகக் கண்காட்சி வேன் ஒன்று வந்து நின்றது. சிவகாசிக்கும் சாத்தூருக்கும் நடுவே உள்ள சின்ன ஊர் அது. வேன் நிறைய மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகி வந்த புத்தகங்கள். கெட்டி அட்டை, வெள்ளைத் தாள், பிரித்தால் ஒரு தனி வாசனை. விலையோ நாலு பேர் டீ குடித்து வடை தின்கிற காசுக்குள் அடங்கிவிடும். எனக்கு அப்போது பதினேழு வயசு. இவான் துர்கனேவின் காதல் கதைகள் அடங்கிய தொகுதியை அன்றைக்குத்தான் வாங்கினேன். அதில் ‘முதல் காதல்’ இருந்தது. அன்று ராத்திரியே படித்து முடித்தேன். மறுநாளும் படித்தேன்.

பிறகு அந்தப் புத்தகம் எங்கள் வாசகர் வட்டத்தில் கைமாறிக்கொண்டே இருந்தது. வட்டம் என்றால் பெரிசாக ஒன்றுமில்லை, ஏழெட்டுப் பேர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடுவோம். அரசியல் நூல் ஒன்று, நாவல் ஒன்று என்று மாற்றி மாற்றிப் படிப்போம். கூலி, உபரி, வர்க்கம் என்று வாய் கிழியப் பேசுவோம். ஆளுக்கொரு சொல்லாத காதலும் இருந்தது. ‘முதல் காதல்’ அந்தச் சொல்லாத காதலுக்கு மொழி கொடுத்தது. ‘காதல்னா இதுதாம்ப்பா’ என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். நான் அதைப் பற்றி நோட்டுப் புத்தகத்தில் பத்துப் பக்கம் எழுதி வட்டத்தில் வாசித்தேன். எல்லோரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். அந்த மௌனம் எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்போது வட்டத்தில் இருந்த ஒரே பெண் தோழர் ஒரு கேள்வி கேட்டார். எங்களைவிட மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவோம். சிறுவயதில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்ப் பெட்டி ஒட்டியவர். “எல்லாஞ் சரி தம்பி, அந்தக் காகிதம் அடிக்கிற பயலுக என்ன ஆனாங்க?” என்றார்.

எந்தப் பயல்கள் என்று எனக்கு ஞாபகம் வரவில்லை. இரண்டு முறை படித்தவன், பத்துப் பக்கம் எழுதியவன், எனக்கு ஞாபகம் வரவில்லை. “அது சும்மா ஒரு வர்ணனைக்கா” என்று யாரோ சொன்னார்கள். சிரித்தோம். அதற்குப் பிறகு அவர் வட்டத்துக்கு வருவது குறைந்தது. ஏன் என்று நாங்கள் கேட்கவும் இல்லை.

நாற்பது வருஷம் கழித்து, வீடு மாற்றும்போது அந்தப் புத்தகம் கையில் கிடைத்தது. இந்தத் தடவை அந்தப் பையன்களைத் தேடிப் படித்தேன். இந்தக் கட்டுரை அன்றைக்கு நான் வாசித்த பத்துப் பக்கத்துக்கான மறுப்பு. அக்காவின் கேள்விக்குத் தாமதமாக வந்த பதில் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

2

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ‘முதல் காதல்’ 1860இல் ‘வாசிப்புக்கான நூலகம்’ என்று பொருள்படும் பெயர் கொண்ட ரஷ்ய இதழில் வெளிவந்தது. விருந்து முடிந்த நள்ளிரவில் மூன்று ஆண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் முதல் காதலைச் சொல்லவேண்டும் என்று ஏற்பாடு. இரண்டு பேரிடம் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. மூன்றாமவர், நாற்பது வயது விளாதிமிர், எனக்கு வாயால் சொல்ல வராது, எழுதிக்கொண்டு வந்து வாசிக்கிறேன் என்கிறார். அவர் எழுதிக் கொண்டுவந்ததுதான் கதை.

1833ஆம் வருஷக் கோடை. மாஸ்கோ ஓரத்தில் வாடகைக்கு எடுத்த கோடை வீடு. விளாதிமிருக்குப் பதினாறு வயது. பல்கலைக்கழகத்தில் சேரத் தயாராகிக்கொண்டிருக்கிறான். அடுத்த கட்டடத்துக்குக் குடிவருகிறாள் நொடித்துப்போன ஒரு சிற்றரசி. அவளுடைய மகள் ஸினயீதா. இருபத்தொரு வயது. அவளைச் சுற்றி எந்நேரமும் ஆண்கள்: ஒரு பிரபு, ஒரு மருத்துவர், ஒரு கவிஞர், ஓய்வுபெற்ற ஒரு கேப்டன், ஒரு குதிரைப்படை வீரர். பையனும் அந்தக் கூட்டத்தில் சேர்கிறான். அவள் யாரையோ காதலிக்கிறாள் என்பது மெல்லத் தெரிகிறது. அந்த யாரோ தன்னுடைய அப்பா என்பது கடைசியில்தான் அவனுக்குத் தெரிகிறது.

துர்கனேவ் தன் படைப்புகளில் தனக்கு மிகவும் பிடித்தது இதுதான் என்று சொல்லியிருக்கிறார். காரணம், இது புனைந்ததல்ல, வாழ்ந்தது. இந்த வாக்குமூலத்தை வச்சுத்தான் நாங்கள் அன்று ‘இது உண்மை’ என்று கொண்டாடினோம். யாருடைய உண்மை, எதை வெளியே நிறுத்திவிட்டுச் சொல்லப்பட்ட உண்மை என்று கேட்கவில்லை.

3

கதையின் தொடக்கத்திலேயே அந்த வீட்டின் அமைப்பு சொல்லப்படுகிறது. நடுவில் தூண்கள் வைத்த மர மாளிகை. அதில் விளாதிமிரின் குடும்பம். இரண்டு பக்கமும் தாழ்வான இரண்டு பக்கக் கட்டடங்கள். வலப்பக்கத்துக் கட்டடம் அப்போது காலியாக இருக்கிறது. ஸினயீதா வரப்போவது அங்கேதான். இடப்பக்கத்துக் கட்டடத்தில் சுவரில் ஒட்டும் மலிவு விலைப் பூப்போட்ட காகிதம் அச்சடிக்கிற சின்னத் தொழிற்சாலை. அங்கே பத்துப் பையன்கள். ஒல்லியான உடம்பு, பரட்டைத் தலை, அழுக்கேறிய அங்கி, ஒட்டிப்போன முகம். அவர்கள் மர நெம்புகோல்கள் மேல் மாறி மாறி எம்பிக் குதிக்கிறார்கள். நெம்புகோல் அச்சுக்கட்டையை அழுத்துகிறது. காகிதத்தில் பூ விழுகிறது. யந்திரத்துக்கு விசை அந்தப் பையன்களின் உடம்பு எடைதான்.

விளாதிமிர் அதைப் பலமுறை போய்ப் பார்த்ததாகச் சொல்கிறான். வேடிக்கை பார்க்க. அடுத்த வாக்கியம் வலப்பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்விடுகிறது. கதை முழுக்க அங்கேயே தங்கிவிடுகிறது. இடப்பக்கத்துக் கட்டடம் பற்றி அதற்கப்புறம் பேச்சே இல்லை. அந்தக் கோடை முழுக்க, ஸினயீதாவின் வீட்டில் விளையாட்டும் பாட்டும் நடந்த அத்தனை நாளும், அங்கே கட்டைகள் அழுந்திக்கொண்டுதானே இருந்திருக்கவேண்டும்? அந்தச் சத்தம் கதைசொல்லியின் காதில் விழவில்லை.

இப்போது இன்னொரு காட்சி. நாங்கள் எல்லோரும் மனப்பாடம் செய்து வைத்திருந்த காட்சி. பாழடைந்த கண்ணாடிச் செடிக்கூடத்தின் உயரமான சுவர்மேல் விளாதிமிர் உட்கார்ந்திருக்கிறான். கீழே பாதையில் ஸினயீதா வருகிறாள். என்னைக் காதலிப்பதாகச் சொல்கிறாயே, உண்மை என்றால் இங்கே குதி பார்க்கலாம் என்கிறாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் குதித்துவிடுகிறான். சுவர் இரண்டு ஆள் உயரத்துக்கும் மேல். ஒரு கணம் நினைவு தப்புகிறது. அவள் பதறி ஓடிவருகிறாள். அந்தப் பதற்றம்தான் அவன் வாழ்நாள் முழுக்க வைத்துப் போற்றும் சொத்து.

ஒரே வளாகத்தில் இரண்டு விதமான குதிப்பு. ஒருவன் ஒரே ஒருமுறை குதிக்கிறான், காதலுக்காக. அது இலக்கியம் ஆகிறது. பத்துப் பேர் நாள் முழுக்கக் குதிக்கிறார்கள், வயிற்றுக்காக. அது வர்ணனை ஆகிறது. இவனுடைய குதிப்பைப் பார்த்துப் பதறுவதற்கு ஒரு பெண் இருக்கிறாள், வாசகர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய குதிப்பைப் பார்த்துப் பதறுவதற்கு யாருமில்லை. வேடிக்கை பார்க்க மட்டும் ஒரு ஐயாவீட்டுப் பையன்.

எட்வர்ட் சைத் 1993இல் வந்த ‘பண்பாடும் ஏகாதிபத்தியமும்’ நூலில் ஜேன் ஆஸ்டினின் ‘மேன்ஸ்ஃபீல்ட் பார்க்’ நாவலை இப்படித்தான் வாசித்தார். அந்த ஆங்கில மாளிகையின் ஒழுங்கும் அமைதியும் ஆன்டிகுவா தீவின் அடிமைத் தோட்டத்துப் பணத்தில் நின்றவை என்று காட்டினார். ஆன்டிகுவா அந்த நாவலில் சில இடங்களில் பெயராக மட்டும் வந்துபோகும். துர்கனேவ் விஷயத்தில் கடல் தாண்டவேண்டிய அவசியம்கூட இல்லை. எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கிறது. வீட்டுச் சுவரை அலங்கரிக்கிற பூ, பக்கத்துக் கட்டடத்தில் பையன்களின் காலடியில் அச்சாகிறது. ரஷ்யாவில் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தொழிற்சாலையில் வைக்கக்கூடாது என்ற சட்டம் 1882இல்தான் வந்தது. கதை நடந்து அரை நூற்றாண்டு ஆன பிறகு.

நான் இதைப் பிரதியின் குற்றமாக மட்டும் எழுதிவிட்டுத் தப்பிக்க முடியாது. எங்கள் ஊரில் விடியறதுக்கு முன்னாலேயே தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து நிற்கும். தூக்கம் கலையாத பிள்ளைகளைத் தாய்மார்கள் ஏற்றிவிடுவார்கள். என்னோடு மூன்றாம் வகுப்புப் படித்தவர்களில் பாதிப் பேர் நான் எட்டாவது வந்தபோது அந்தப் பஸ்ஸில்தான் இருந்தார்கள். துர்கனேவின் நாவலை நான் படித்து முடித்த அந்த ராத்திரி விடிந்தபோதும் பஸ் வந்திருக்கும், ஹார்ன் அடித்திருக்கும். நான் ஸினயீதாவை நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். ஆக, விளாதிமிர் மட்டுமல்ல, நானும்தான் இடப்பக்கத்துக் கட்டடத்தைத் தாண்டிப் போனவன். அக்கா தாண்டிப் போகவில்லை. அவருடைய கை அந்த வேலையை அறிந்த கை.

4

காதல் கதையில் பணம் எங்கே இருக்கிறது என்று தேடுவது ரசனை கெட்ட வேலை என்று சொல்லப் பழகியிருக்கிறோம். ‘முதல் காதல்’ நாவலில் தேடவே வேண்டாம். எல்லாம் வெளிப்படையாகக் கிடக்கிறது.

அப்பா அழகர், இளையவர். அம்மா அவரைவிடப் பத்து வயது மூத்தவள். அவர் அவளைக் கட்டிக்கொண்டது சொத்துக்காக. இதைக் கதைசொல்லி ஆரம்பத்திலேயே சாதாரணமாகச் சொல்லிவிடுகிறான். ஸினயீதாவின் தாய் குடிவந்த கையோடு இந்த அம்மாவிடம் உதவி கேட்டுக் கடிதம் அனுப்புகிறாள். மலிவான தாள், பிழை மலிந்த எழுத்து. வழக்குகள், கடன்கள் என்று புலம்புகிறாள். பிறகு வீட்டில் பெரிய சண்டை. அம்மா அப்பாவைக் குற்றம்சாட்டுகிறாள். அந்தச் சண்டையில் அடிபடுவது காதல் மட்டுமல்ல, சிற்றரசிக்கு அப்பா கொடுத்த ஒரு கடன்பத்திரமும்தான். அப்பா செத்த பிறகு அம்மா மாஸ்கோவுக்குக் கணிசமான ஒரு தொகை அனுப்புகிறாள். யாருக்கு, எதற்கு என்று பிரதி சொல்வதில்லை. நமக்குத் தெரிகிறது.

ஸினயீதா ஆண்களை ஆட்டி வைக்கிறாள், விளையாட்டுக் காட்டுகிறாள் என்றெல்லாம் அன்று எழுதினேன். ‘மாயக்காரி’ என்ற சொல்லைக்கூடப் பயன்படுத்தினேன். இப்போது பார்த்தால் அவளுடைய கைவசம் இருப்பது அந்தச் சில மாத விளையாட்டு மட்டும்தான். வரதட்சணைக்கு வழியில்லை, குடும்பம் கடனில், தாய் அவளைப் பொருட்படுத்துவதாகவும் தெரியவில்லை. சுற்றியிருக்கிற ஆண்கள் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு விலையோடு வந்திருக்கிறார்கள். அவள் தேர்ந்தெடுத்தது தன்னை அடக்கக்கூடிய ஒருவரை. அதையும் ‘இதுதான் பெண்மனம்’ என்று நாங்கள் விளக்கினோம். வேறு என்ன தேர்வு அவளுக்கு இருந்தது என்று கேட்கவில்லை.

இங்கே வரலாறு ஒரு அதிர்ச்சி தருகிறது. துர்கனேவ் 1818இல் பிறந்தவர். 1833 கோடையில் அவருக்குப் பதினான்கு வயது. அந்த வருஷம்தான் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவருடைய தந்தை செர்கேய் நிக்கொலாயெவிச் குதிரைப்படை அதிகாரி. ஆறு வயது மூத்த வர்வாரா பெத்ரோவ்னாவை மணந்தார். அந்த அம்மாளிடம் சுமார் ஐயாயிரம் பண்ணையடிமைகள் இருந்ததாக வாழ்க்கை வரலாறுகள் குறிப்பிடுகின்றன. தந்தை 1834இல் இறந்தார். ஸினயீதாவுக்கு மூலம் என்று பின்னாளைய ரஷ்ய ஆய்வாளர்கள் அடையாளம் காட்டியது யெகதெரீனா ஷஹவ்ஸ்கயா என்ற இளம்பெண்ணை. அவரும் சிற்றரசர் குடும்பத்தவர். 1836இல், இளம் வயதிலேயே, பிரசவத்தைத் தொடர்ந்து இறந்தார். நாவலில் ஸினயீதாவும் அப்படித்தான் இறக்கிறாள்.

அதிர்ச்சி இது: அந்த யெகதெரீனா ஒரு கவிஞர். எழுதியவர், அச்சில் வந்தவர்.

நாவலில் கவிஞர் யார்? மாய்தானவ் என்கிற ஆண். தன் கவிதையைத் தானே ரசித்துக்கொள்கிற, எல்லோராலும் லேசாகக் கேலி செய்யப்படுகிற ஒருவர். ஸினயீதா என்ன செய்கிறாள்? கவிதை கேட்கிறாள். புஷ்கினைப் பையனை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறாள். அவளுக்குள் அற்புதமான கற்பனைகள் தோன்றுகின்றன. ராத்திரியில் படகில் போகிற பெண்கள், விருந்து கொடுக்கிற ராணி என்று கதை கட்டிச் சொல்கிறாள். ஆனால் அவள் எழுதுவதில்லை. தன் கற்பனையை மாய்தானவிடம் கொடுத்து, நீங்கள் எழுதுங்கள் என்று சொல்லிவிடுகிறாள். எழுதிய பெண்ணை எழுதாத பெண்ணாக்கி, அவள் பேனாவைப் பிடுங்கி ஒரு கோமாளியிடம் கொடுத்திருக்கிறது இந்த ‘வாழ்ந்த கதை’. வேண்டுமென்றே செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஓர் ஆண் தன் முதல் காதலை நினைவுகூரும்போது என்னென்ன தானாகவே உதிர்ந்துபோகிறது என்பதுதான் விஷயம். முதல் காதல் என்ற சொல்லாடலுக்குள் பெண் காதலிக்கப்படுகிறவள். அதைத் தாண்டி அவளுக்கு ஒரு தொழில், ஒரு எழுத்து, ஒரு பெயர் எல்லாம் அதிகப்படி.

5

துர்கனேவைப் பண்ணையாரின் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போவது நேர்மையாகாது. ‘வேட்டைக்காரனின் குறிப்புகள்’ 1852இல் நூலாக வந்தபோது, பண்ணையடிமைகளை மனிதர்களாக ரஷ்யப் படிப்பாளிகளின் முன் நிறுத்தியது. அதே வருஷம், கோகல் மறைந்தபோது எழுதிய இரங்கல் குறிப்புக்காக அவர் கைதானார். ஒரு மாதக் காவலுக்குப் பிறகு சொந்தப் பண்ணையிலேயே அடைக்கப்பட்டார். காவலில் இருந்தபோதுதான் ‘முமு’ எழுதினார். எஜமானியின் உத்தரவுக்காகத் தன் நாயைத் தானே மூழ்கடிக்கிற ஊமைப் பண்ணையாளின் கதை. அந்த எஜமானிக்கு மாதிரி அவருடைய சொந்த அம்மா. பெற்ற தாயின் கொடுமையை எழுத்தில் வைக்கிற துணிச்சல் அவருக்கு இருந்தது.

அதே மனிதருக்கு 1842இல் ஒரு மகள் பிறந்தாள். தாய், அவருடைய அம்மா வீட்டில் வேலை செய்த தையல்காரப் பெண். குழந்தை பாட்டி வீட்டில் வளர்ந்தது. 1850இல் துர்கனேவ் மகளைப் பாரிசுக்கு அனுப்பிப் படிக்கவைத்தார். தையல்காரியைப் பற்றி இலக்கிய வரலாற்றில் ஓரிரு வரிதான். 1858இல் வந்த ‘ஆஸ்யா’வின் நாயகி ஒரு பண்ணையாருக்கும் அவர் வீட்டுப் பணிப்பெண்ணுக்கும் பிறந்த மகள். எந்த வர்க்கத்திலும் ஒட்டமுடியாமல் தவிக்கிறவள். ஆனால் ‘முதல் காதல்’ என்று பெயரிட்டு அவர் எழுதியது சிற்றரசியின் மகளைத்தான். பணிப்பெண்ணோடு நடப்பது காதல் கணக்கில் வராது. முன்கதையில் போய்விடும்.

காதல் கதையை அரசியலாக வாசிப்பது ஏதோ பின்நவீனத்துவக் காலத்துச் சேட்டை என்று நினைப்பவர்கள் உண்டு. ‘ஆஸ்யா’ வந்த அதே 1858இல் செர்னிஷேவ்ஸ்கி அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். காதலியைச் சந்திக்கப்போன இடத்தில் ரஷ்ய ஆண் எப்படி நடந்துகொள்கிறான் என்பதுதான் பொருள். கதாநாயகன் கடைசி நிமிஷத்தில் பின்வாங்குகிறான் அல்லவா? தாராளவாதப் பிரபு வர்க்கமும் செயல்படவேண்டிய நேரத்தில் இப்படித்தான் பின்வாங்கும் என்றார். பெரிய வாசிப்பு அது. ஆனால் அதிலும் விசாரணைக்கு உட்படுவது ஆண்தான். ஆண் வர்க்கக் கடமையைச் செய்தானா இல்லையா என்பதுதான் கேள்வி. எங்கள் வட்டத்து வாசிப்பும் அதன் வாரிசு. ஆண்டாண்டு காலமாக இடதுசாரிகளாகிய நாம் காதல் கதைகளைப் படித்த விதத்தில் இந்தக் குறை தொடர்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

‘முதல் காதல்’ வந்த மறுவருஷம், 1861 பிப்ரவரி 19 அன்று, ரஷ்யாவில் பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்டது. தனியார் பண்ணைகளில் கட்டுண்டிருந்த இரண்டு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் சட்டப்படி விடுபட்டார்கள். ஆனால் நிலத்துக்கு 49 வருஷத் தவணை கட்டவேண்டும் என்றது சட்டம். அந்தத் தவணை 1905 புரட்சிக்குப் பிறகு, 1907இல்தான் நிறுத்தப்பட்டது. வீட்டு வேலை செய்த அடிமைகளுக்கு நிலமே கிடையாது. இரண்டு வருஷம் கூடுதலாக உழைத்துவிட்டு வெறுங்கையோடு போகவேண்டியதுதான்.

நாவலில் அப்படி ஒருவன் இருக்கிறான். பிலிப். சாப்பாட்டு அறையைக் கவனித்துக்கொள்ளும் வேலைக்காரன். கவிதைப் பைத்தியம், கிதார் நன்றாக வாசிப்பான். அவன் பண்ணையடிமையாகத்தான் இருக்கவேண்டும். பிரதி அதைச் சொல்லக்கூட மெனக்கெடவில்லை. அப்பாவுக்கும் ஸினயீதாவுக்கும் இடையிலான உறவு, கடன்பத்திரம், சண்டை எல்லாவற்றையும் விளாதிமிருக்குச் சொல்வது இவன்தான். வீட்டுக்காரர்களின் காதல் ரகசியம் மொத்தமும் அடுக்களைக்குத் தெரியும். வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாது. ஆனால் கதை சொல்கிற உரிமை தெரியாதவனிடம் இருக்கிறது. பிலிப்புக்கு ஒரு முதல் காதல் இருந்ததா? கவிதையும் கிதாருமாக அலைந்தவனுக்கு இல்லாமலா போயிருக்கும்? விருந்து முடிந்து மூன்று ஐயாமார்கள் உட்கார்ந்து பேசிய அந்த ராத்திரியில், மேசையைத் துடைத்தவனிடம் யாரும் கேட்கவில்லை.

6

இனி சவுக்குக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுதவைத்ததே அதுதான்.

அப்பாவும் மகனும் குதிரையில் போகிறார்கள். ஒரு சந்து முனையில் அப்பா இறங்கி, இரண்டு குதிரைகளையும் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போகிறார். நேரமாகிறது. பையன் தேடிப் போகிறான். ஒரு சின்ன மரவீட்டின் ஜன்னலுக்கு வெளியே அப்பா. உள்ளே ஸினயீதா. அப்பா எதையோ வற்புறுத்துகிறார். அவள் மறுக்கிறாள், கையை நீட்டுகிறாள். அவர் கோட்டுத் தூசியைத் தட்டிக்கொண்டிருந்த சவுக்கை ஓங்கி, அவளுடைய வெறுங்கையில் ஓர் அடி அடிக்கிறார். அவள் கத்தவில்லை. சிவந்த தழும்பை உதட்டில் வைத்து முத்தமிடுகிறாள். அப்பா சவுக்கை வீசிவிட்டு வீட்டுக்குள் ஓடுகிறார். பையன் அன்றிரவு மேசைமுன் உட்கார்ந்து யோசிக்கிறான். இதுதான் காதல், இதுதான் வேட்கை, தன்னுடையது வெறும் பிள்ளைத்தனம் என்று முடிவுக்கு வருகிறான்.

என் பத்துப் பக்கத்தில் ஐந்து பக்கம் இந்தக் காட்சியைப் பற்றித்தான். காதலின் உச்சம் என்று எழுதியிருந்தேன். விளாதிமிருக்காவது பதினாறு வயது. வர்க்கம் தெரிந்த, அரசியல் தெரிந்த எனக்கு என்ன வந்தது?

சவுக்கு ஆகாயத்திலிருந்து விழவில்லை. அது பண்ணையின் கருவி. குதிரைக்கும் ஆளுக்கும் பொதுவானது. வர்வாரா பெத்ரோவ்னாவின் பண்ணையில் கசையடி அன்றாட நடப்பு. பெற்ற பிள்ளையான துர்கனேவும் அடிவாங்கி வளர்ந்தவர்தான். ஆளை உடைமையாக வைத்திருக்கிற ஒரு சமூகத்தில், ஒருவர் தான் ஆளுகிற உடம்பை அடிப்பதற்கு விசேஷக் காரணம் வேண்டியதில்லை. அப்பாவின் கை அந்தப் பழக்கத்தில் வளர்ந்த கை. காதல் வந்தபோது அந்தக் கைக்குத் தெரிந்ததைத்தான் செய்தது. அவர் சவுக்கை வீசியெறிந்தது நிஜம். வீசியெறிந்துவிட்டு எங்கே போனார்? அவளிடம்தான். மன்னிப்பு அவளுடைய வேலை. அதை அவள் முன்கூட்டியே, தழும்பை முத்தமிட்டு முடித்துவிட்டாள்.

அடிக்கிறவனின் கையில் அன்பைப் பார்க்கக் கற்றுக்கொடுப்பது துர்கனேவ் மட்டும் செய்த காரியமல்ல. நம் சினிமா அதைத்தான் சலிக்காமல் செய்தது. நாயகன் அறைவான், நாயகி கன்னத்தைத் தடவிக்கொண்டே காதலில் விழுவாள். சினிமாவைக் கேவலம் என்று சொல்லிவிட்டு, அதையே மாஸ்கோ அட்டையில் படித்து மெய்சிலிர்த்தோம். எங்கள் வட்டத்தில் இருந்த ஒருவர் பிற்பாடு காதலித்துத்தான் கல்யாணம் செய்துகொண்டார். அவர் மனைவி ஒரு தடவை அடிபட்ட முகத்தோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். ‘உன்மேல இருக்கற ஆசையிலதான் அடிக்கறான்மா’ என்று நான் சமாதானம் சொல்லி அனுப்பினேன். அந்த வார்த்தையை எங்கே படித்தேன் என்று அன்று எனக்கு உறைக்கவில்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது. எழுதாமல் விட்டால் கட்டுரை பொய்யாகும்.

ஆனாலும் இந்த நாவலைத் தூக்கியெறியச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பழைய பாசம் மட்டும் காரணமில்லை. அந்தப் பத்துப் பையன்களை எழுதியவரும் துர்கனேவ்தான். கதைக்கு அவர்கள் தேவையே இல்லை. எடுத்துவிட்டால் ஒரு கண்ணிகூட அறுந்துபோகாது. ஆனாலும் நெம்புகோல் மேல் குதிக்கிற அந்த மெலிந்த உடம்புகளை அவர் எழுதி, விட்டுவைத்திருக்கிறார். எழுத்தாளர் பார்த்ததைக் கதைசொல்லி தாண்டிப் போகிறான். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் மறுவாசிப்புக்கு இடம் இருக்கிறது. பிரதி மறக்கவில்லை. மறந்தது விளாதிமிர். அவன் கூடச் சேர்ந்து மறந்தது நாங்கள்.

நாவலின் முடிவும் இப்படித்தான். ஸினயீதா இறந்த செய்தி கேட்ட சில நாளில், விளாதிமிர் தான் குடியிருந்த வீட்டிலேயே இருந்த ஓர் ஏழைக் கிழவியின் மரணத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறான். கந்தல் போர்வை, கட்டைப் பலகைப் படுக்கை, தலைக்குச் சாக்கு. வாழ்நாளெல்லாம் வறுமையோடு மல்லாடியவள். ஒரு சந்தோஷமும் கண்டதில்லை. அப்படியிருந்தும் கடைசி மூச்சுவரை சாவுக்குப் பயந்து, பாவத்தை மன்னிக்கச் சொல்லி முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் படுக்கையின் பக்கத்தில் நிற்கும்போது விளாதிமிருக்குப் பிரார்த்தனை செய்யத் தோன்றுகிறது. ஸினயீதாவுக்காக, அப்பாவுக்காக, தனக்காக.

கிழவிக்காக இல்லை. கண்ணெதிரே செத்துக்கொண்டிருந்தவள் அவள்.

அன்று இந்த இடத்தில்தான் நான் அழுதேன். யாருக்காக அழுதேன் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்தப் பட்டியலில் மூன்று பேர்தான் இருந்தார்கள்.